காவடி யார் தோளுக்கு

கல்லூரியில் கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பாடம் நடத்துகிறவன் நான். "அங்கே கதையை நகர்த்துவது விதியை விடப் பிடிவாதம்தான். இரண்டு பேரிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கும், ஒருவரும் இறங்கி வரமாட்டார்கள்" என்று வருஷா வருஷம் சொல்வேன். ஒரு மாணவி கேட்டாள், "யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தா என்ன சார்?"

"நாடகம் அங்கியே முடிஞ்சிடும்மா" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் பெரிய மேதாவி மாதிரி சிரித்துக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டுப் பூக்காவடியை அப்பாதான் மலைக்கோயிலுக்கு எடுப்பார். முட்டி தேய்ந்ததும் அதைத் தம்பியிடம் கொடுத்தார். மூத்தவன் நான் இருக்க, அவனிடம்! தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வரும் நான் விரதத்தில் ஒழுங்காக இருக்கமாட்டேன் என்பது அவர் கட்சி. எனக்கு வயிறு எரிந்தது. காவடியோடு தம்பி நிற்கும் படத்தைச் சொந்தக்காரர்கள் செல்போனில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றையும் நான் திறக்கவில்லை.

அடுத்த ஆடியில், அவன் எடுத்தால் நான் மலையேற மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டேன். மலையடிவாரத்தில், எல்லோர் முன்னாலும் தம்பி சொன்னான், "நீயே எடுத்துக்கோண்ணா."

நான் கேட்டதுதானே? ஆனால் அத்தை உடனே, "சின்னவனுக்கு எவ்ளோ பெரிய மனசு பாரு" என்றாள். விட்டுக்கொடுத்த பெயரும் அவனுக்கே போய்விட்டது. என்னால் தாங்க முடியவில்லை.

"நீ போடற பிச்சை எனக்கு வேணாம்."

அவன் முகம் மாறியது. "அப்டின்னா நானும் தொடமாட்டேன்."

அப்பா காவடியைத் தூக்கித் தன் தோளில் வைத்தார். நாங்கள் பின்னாலேயே ஏறினோம். பாதி மலையில் அவர் கால்கள் நடுங்கத் தொடங்கின. தோளில் ஏற்றிய காவடியைச் சந்நிதி போய்ச் சேரும்முன் தரையில் இறக்குவது எங்கள் வழக்கத்தில் இல்லை.

"வாங்கேன்டா" என்றேன் தம்பியிடம்.

"உனக்குத்தான வேணும், நீ வாங்கு."

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் தெலுங்கில் பேசிக்கொண்டு ஏறிய யாரோ ஒருவரிடம், "நைனா, இத்த கொஞ்சம் மேல சேத்துடறியா?" என்றார். என் சின்ன வயதில் அப்பா என்னைச் செல்லமாகக் கூப்பிட்ட சொல் அது. அந்த ஆள் செருமிக்கொண்டு, "ஆங், குடுங்க" என்று வாங்கித் தோளில் வைத்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார்.

அந்த ஆள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் இன்றுவரை, தம்பியை விட அவர்மேல்தான் எனக்குப் பொறாமை.