கலைத்து வைத்த கட்டைகள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் வேலை பார்த்த மையத்தில் இடம் எல்லாம் இயக்குநரின் சான்றிதழ்களுக்கே போய்விட்டது. மிச்சமிருந்த மூலையில் ஒரு குட்டி மேசை போட்டு, குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதித்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அறிக்கை என்றால் எட்டுப் பக்கம் ஆங்கிலம். பழைய அறிக்கையைத் திறந்து பெயர், வயது, மதிப்பெண் மூன்றையும் மாற்றினால் புதிய குழந்தை தயார். எங்கள் இயக்குநர் அதை 'ஃபார்மட்' என்பார். வேறொரு குழந்தையின் தலையெழுத்தை இந்தக் குழந்தையின் தலையில் ஒட்டுவதற்கு அப்படி ஒரு கௌரவமான பெயர்.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பையனுக்கு ஐக்யூ எவ்வளவு என்று கேட்டு, எண்ணைச் சொன்னதும் 'இன்னும் கொஞ்சம் ஏத்திப் போட முடியுமா மேடம்?' என்று காய்கறி விலை பேசுகிற மாதிரிப் பேசிய ஐடி அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடங்களுக்கு நேர்மாறான ஆசை. படிப்பில் பின்தங்கிய பிள்ளையைத் துரத்த அவர்களுக்குக் குறைந்த எண் வேண்டும். இந்த இரு தரப்புக்கும் நடுவில் நான் பெரிய நியாயவாதி என்ற நினைப்பு எனக்கு.

அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. பம்மலில் இருந்து அம்மாவோடு வந்தாள். வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். திங்கட்கிழமைக்குள் அறிக்கை வேண்டும், அதில் 'குறைபாடு' என்று இருந்தால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சோதனையின் ஒரு பகுதிக்குச் சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னக் கட்டைகள் இருக்கும். படத்தைக் காட்டினால் குழந்தை அதே போல அடுக்க வேண்டும். நேரம் குறிப்போம். சில தடவை தொடர்ந்து தவறினால் அந்தப் பகுதியை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. படத்தை அவள் முன் வைத்துவிட்டு, மடிக்கணினியில் முந்தின குழந்தையின் அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று பேர் என்பது இயக்குநரின் கணக்கு. நேரம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். கட்டைகள் எல்லாம் டப்பாவுக்குள் கிடந்தன. பூஜ்யம் போட்டேன். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. விதிப்படி நிறுத்தினேன். 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்ற வாக்கியம் ஃபார்மட்டில் ஏற்கெனவே இருந்தது. அழிக்காமல் விட்டேன்.

மறுநாளே அம்மாவிடம் அறிக்கையைக் கொடுத்தேன். பயிற்சியில் கற்றுக்கொடுத்த கனிவான குரலில், 'கொஞ்சம் மந்தமா இருக்காம்மா' என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான்கு நாள் கழித்து, எங்கள் ஆயா மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். குழந்தைகள் எழுந்து ஓடிவிடாமல் சோதனையின்போது கதவோரம் உட்கார்ந்திருப்பவர் அவர்.

"அந்தப் பம்மல் பாப்பா இன்னா ஆச்சு மேடம்? சோக்கா அடுக்கிச்சே!"

"எங்க அடுக்கினா? எல்லாம் டப்பாலதான கிடந்துது?"

"படத்துல கீற மாதிரியே அடுக்கிட்டு, உடனே கலைச்சி டப்பால போட்டுச்சு மேடம். நீங்க பொட்டில இன்னாத்தயோ தட்டிகினு இருந்தீங்க."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நடுவுல வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

இரண்டு பட்டங்கள் வாங்கிய நான் பார்க்காததை, கதவோரம் உட்கார்ந்திருந்தவர் பார்த்திருக்கிறார். நேரே இயக்குநரிடம் போனேன்.

"ஆயா பேச்சைக் கேட்டு ஸ்கோர் மாத்துவீங்களா?" என்றார். "இதே டெஸ்ட்டை உடனே திரும்ப வைக்கவும் கூடாது. அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க. சென்டர் பேரு கெடாம பாத்துக்கணும் இல்ல?"

அடுத்த வருஷம் அந்தப் பெண் எந்தப் பள்ளியில் இருப்பாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் முகத்தில் எட்டுப் பக்கத்தையும் விசிறி அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை, சம்பள வேலை. கட்டை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பம்மலுக்குக் கிளம்பினேன்.

ஒரே அறை. பாதியை அம்மாவின் தையல் மெஷினும் தோல் துண்டு மூட்டைகளும் அடைத்திருந்தன. அறிக்கையைப் பள்ளியில் இன்னும் கொடுக்கவில்லை. வெட்கப்பட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். எடுத்து நீட்டினார். வாங்கிக் கிழித்தேன். தவறு என்னுடையது, அந்தப் பகுதியின் மதிப்பெண் செல்லாது என்று எழுதி, என் கையெழுத்தோடு நானே பள்ளியில் கொடுப்பதாகச் சொன்னேன்.

"அடுக்கினதை ஏம்மா கலைச்சா?" என்று கேட்டேன்.

"எடம் ஏது மேடம்? ஆடி முடிச்சா எடுத்து வெச்சிடணும்னு நான்தான் பழக்கி வெச்சிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாலு நாளா கடைக்குக் கூட அனுப்பல. முன்னல்லாம் அதான் போய்ட்டு வரும். வழி மறந்துடுமோன்னு பயம். சோறு கூட நான்தான் ஊட்டிகினு கீறேன். நீங்க எழுதிட்டீங்களே!"

ஏழு வயதுப் பெண்ணுக்குச் சோறு ஊட்ட வைத்திருக்கிறது என் ஆங்கிலம். அவள் மூட்டையில் சாய்ந்துகொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து, ஒரு படத்தைத் தரையில் வைத்தேன். நேரம் குறிக்கவில்லை, மதிப்பெண் போடவில்லை. மளமளவென்று அடுக்கினாள். அம்மா மெஷினை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

அடுக்கி முடித்தவள் இந்தத் தடவை கலைக்கவில்லை. கட்டைகளின் மேல் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்துட்டீங்களா மிஸ்? எடுத்து வெச்சிடட்டா?"