ஸ்கேனர் சுரேஷ்குமார்

ஸ்கேனர் கருவியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சுரேஷ்குமார் அதை வண்டியில் செருகுவார். செருகிவிட்டு, பக்கத்தில் ஸ்பேனர் சத்தம் கேட்டால் முறைப்பார். திரையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு எரர் கோடு வரும். அதை எதிர் டீக்கடை வரைக்கும் கேட்கிற குரலில் வாசிப்பார். வண்டிக்காரர் முகத்தில் கலவரம் தெரிகிற வரை அடுத்த வார்த்தை பேசமாட்டார்.

ஒர்க்‌ஷாப் காட்டூர் மெயின் ரோட்டில் இருக்கிறது. ‘கம்ப்யூட்டர் மூலம் கார் நோய் கண்டறியப்படும்’ என்று வாசலில் ஆளுயர போர்டு. குணமாகும் என்று எங்கும் எழுதவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மனிதர் யோக்கியர்.

திரையில் வருகிற வரியில் முதல் பாதியைத்தான் அவர் படிப்பார். ‘த்ராட்டில் சென்சார்’ என்று வந்தால் சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவார். பின்னாலேயே ‘சர்க்யூட்’ என்றும் ஒரு சொல் இருக்கும். ஒயரையும் சாக்கெட்டையும் பார் என்று அதற்கு அர்த்தம். பார்ப்பதென்றால் குனியவேண்டும், அந்தச் சிரமம் அவருக்கு எதற்கு? “மெஷினே சொல்லுதுங்க. நடுவுல நான் யாரு?” என்று கையை விரித்துவிடுவார்.

ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டும் குனிவார். ஆயுத பூஜையன்று ஊரே ஒரு நாள் செய்வதை இவர் வருஷம் முழுக்கச் செய்கிறார். ஒவ்வொரு வண்டியும் வெளியே போகும்போது பானட்டைத் தூக்கி, சொம்பிலிருக்கும் மஞ்சள் தண்ணீரில் மாவிலைக் கொத்தை முக்கி, சொம்பு காலியாகும் வரை இன்ஜின்மேல் தெளிப்பார். “வெளிய தெளிச்சா பெயின்ட்டுக்குங்க. உள்ள தெளிச்சாத்தான் வண்டிக்கு” என்பது அவருடைய சித்தாந்தம்.

திருவெள்ளறை விஜயராணியின் கார் போன வாரம் மூன்றாவது தடவையாக அங்கே வந்து நின்றது. விஜயராணி பள்ளிக்கூட ஆசிரியை. மகள் தேவதர்ஷினிக்குத் தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. ஆஸ்பத்திரி இருப்பது டவுனில், அழைத்துப்போக வீட்டில் இருப்பது இந்தக் கார் ஒன்றுதான். அதுவோ கொள்ளிடம் பாலத்தில் திடீரென்று இழுவை விட்டு, சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்படி ஊர்ந்தது. இரண்டு முறை புது சென்சார் போட்டாயிற்று. இரண்டு முறையும் சில நாளிலேயே டாஷ்போர்டில் அதே விளக்கு எரிந்தது.

“அதே கோடுதாங்க மேடம். பி இருபத்தொண்ணு முப்பத்தஞ்சு. பிடிவாதமான கோடு.”

“மறுபடியும் சென்சாரா?”

“இப்ப வர்ற சென்சாரே சரியில்லீங்க. உங்க திருவெள்ளறை ரோடும் ஒரு காரணம்.”

“ரோட்டை விடுங்க. அந்த சாக்கெட்டைக் கழட்டுங்க, நான் பாக்கணும்.”

பெண்கள் இன்ஜினுக்குள் எட்டிப் பார்ப்பது சுரேஷ்குமாருக்கு ஆகாது. முனகிக்கொண்டே கழற்றினார். தண்ணீர் புகாமல் இருக்க அதிலிருந்த ரப்பர் வளையத்தை, “சும்மா டைட்டுக்கு வச்சிருக்கான்” என்று முதல் தடவையே தூக்கிப் போட்டிருந்தார். பின்களில் பச்சை பூத்திருந்தது. சாய்த்ததும் மஞ்சளாக இரண்டு சொட்டு விழுந்தது.

“என்னங்க இது?”

“பேட்டரி ஆசிட்டுங்க மேடம்.” கண் சிமிட்டாமல் சொன்னார்.

விஜயராணி விரலில் தொட்டு மோந்து பார்த்தார். “எந்த ஊர் ஆசிட்டுங்க மஞ்சத்தூள் வாசம் அடிக்குது?” வகுப்பில் பொய் சொன்ன பையனைப் பார்க்கிற பார்வை பார்த்தார். “இனிமே என் வண்டியில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. என் பொண்ணு உசுரு இதுல இருக்கு.”

“சத்தியமாங்க மேடம். தெளிக்கமாட்டேன்.”

பின்களைச் சுரண்டித் துடைத்து, காற்றடித்துக் காயவைத்து, வளையம் இல்லாமலேயே மாட்டினார். விளக்கு அணைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி சீறியது. “பாத்தீங்களா, நம்ம மெஷின் பொய்யே சொல்லாது!” என்று கருவியைத் தட்டிக்கொடுத்தார். வெட்கம் என்பது அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து விஜயராணியின் போன் அடித்தது. “அம்மா, வலி வந்திருச்சும்மா. சீக்கிரம் வா.”

“இதோ வந்துட்டேன்டா. நீ பையை மட்டும் எடுத்து வை.” போனைக் காதில் இடுக்கிக்கொண்டே சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார்.

“ஒரே நிமிஷம் மேடம். பானட் சரியா மூடலை” என்றார் சுரேஷ்குமார்.

பானட் மேலே எழுந்து கண்ணாடியை மறைத்தது. அதற்குப் பின்னால் அவர், “பிரசவத்துக்குப் போற வண்டி, வெறுமனேயா அனுப்புறது?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணை மூடி, மாவிலைக் கொத்தைச் சொம்பில் ஆழ முக்கினார்.