சுண்ணாம்புப் பட்டை

யுத்த காலத்தில் ராணுவக் கொட்டகைகளுக்காகக் கண்டோன்மெண்ட் மரங்களை வெட்டித் தள்ளினார்கள், பாவிகள். பெரிய சாலைகளில், அடியில் சுண்ணாம்புப் பட்டை அடித்த மரங்கள் மட்டும் தப்பி நின்றன. அதைப் பார்த்த அப்பா எங்கள் தெருப் புங்கமரங்களுக்கெல்லாம் தானே சுண்ணாம்பு அடித்தார். எதிர்வீட்டுக்காரரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வாசல் வேம்பை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்.

"போகட்டும், அவன் வெயில்ல காயட்டும்" என்றார்.

மறுநாள் கோடாலியோடு ஆட்கள் வந்தார்கள். அப்பா ஓடிப்போய்ப் பட்டையைக் காட்டினார்.

"தெரியுது சாமி. இந்தத் தெருவுல சுண்ணாம்பு அடிச்சதைத்தான் வெட்டச் சொன்னாரு கான்ட்ராக்டர்."

"அடிச்சது நான்யா."

"நல்லதாப் போச்சு. எங்களுக்கு அடையாளம் போடுற வேலை மிச்சம்."

சாயங்காலத்துக்குள் தெரு மொட்டையாகிவிட்டது. அதன்பிறகு அங்கே நிழல் என்றால் எதிர்வீட்டு வேம்புதான். அதன் கீழே ஒதுங்க அப்பா எங்களைக் கடைசிவரை விடவில்லை.