பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாத மானிட்டர்

எங்கள் அப்பாவுக்கு ஆட்டைத் தவிர வேறு எதையும் விலைபேசத் தெரியாது. தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டதும் கிடையாது. பித்தளைக் குடமோ, பள்ளிக்கூடப் பையோ, பெரியப்பா மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையோ, எதுவானாலும் இடுப்பைத் தடவிக் கறி கணக்குப் போடுவது மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். அக்காவுக்கு கேமிங் மானிட்டர் வாங்கக் கோவில்பட்டிக்குப் போன அன்றைக்கும் அந்தப் பார்வையோடுதான் பஸ் ஏறினார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்கா கல்லூரியில் இரண்டாம் வருஷம். பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூடிப்போன ஒரு நெட் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அக்கா லீவு நாட்களில் புதியம்புத்தூருக்குப் போய் ரெடிமேட் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்து, அந்தக் காசில் கம்ப்யூட்டரின் உள்சாமான்களை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டாள். மாற்ற முடியாமல் நின்றது திரை ஒன்றுதான்.

அவள் ஆடியது ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து சுடும் விளையாட்டு. கல்லூரியில் பெண்களே சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். அக்கா அதில் கெட்டிக்காரி. ஆனால் எதிராளி சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது அவளுடைய திரைக்கு வந்து சேர்வதற்குள் இவள் செத்துக் கிடப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குள் நல்ல திரை வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தியைச் சேர்ப்போம் என்று அணித்தலைவி சொல்லிவிட்டாள். அக்கா அழவில்லை. இரண்டு நாள் தலை சீவாமல் இருந்தாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய துக்கம் இல்லை.

"பொட்டப்பிள்ள கையில துப்பாக்கி எதுக்குங்கேன்?" என்றாள் அம்மா.

"அவ என்ன ஒன்னையா சுடப்போறா?" என்றார் அப்பா. அந்த வாரமே இரண்டு கிடாய்களை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிட்டு வந்தார். ஆக, மானிட்டருக்கு எங்களிடம் இருந்தது இரண்டு கிடாய் விலை. அதற்கு மேல் ஒரு ஆட்டுப்புழுக்கைகூடக் கிடையாது.

மழை விட்ட மறுநாள். ஊர்க் கரிசல் முழுவதும் எங்கள் செருப்பில் அப்பிக்கொண்டு கோவில்பட்டி வரை வந்தது. அப்பா கோயிலுக்குள் போவது மாதிரி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கடைக்குள் போனார். சுவரோரம் வரிசையாகத் திரைகள். ஒன்றில் மீன் நீந்தியது, ஒன்றில் அருவி கொட்டியது, ஒன்றில் கிளி சிறகை விரித்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அப்பா ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, எடை போட்டெல்லாம் விக்கல."

"தெரியும். தூக்கினாத்தான உருப்படி எப்படின்னு தெரியும்."

அக்கா நேராக ஒரு பெரிய திரைக்கு முன்னால் போய் நின்றாள். பிறை மாதிரி வளைந்திருந்தது. "யப்பா, இதப் பாரேன், எவ்வளவு அழகு! எனக்கு இதான் வேணும்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். விலையும் இரண்டு கிடாய்க்குள் அடங்கியது. எனக்கும் அதுதான் பிடித்தது. வீட்டில் அதை வைத்தால் ஊரே வந்து பார்க்கும் என்று கணக்குப் போட்டேன்.

அப்பா அதன் அருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார்.

"சந்தைக்குக் கொண்டாரதுக்கு முன்னால ஆட்டுக்கு உப்பு வச்சுத் தண்ணி காட்டுவான். வயிறு கும்முனு நிக்கும். வீட்டுக்குப் போயி ஒரு மூத்திரம் பேஞ்சா ஒட்டிப்போயிரும். இந்த அருவி, கிளியெல்லாம் நீங்க வச்ச தண்ணி. அத எடுத்துட்டு வெறும் வயித்தோட நிறுத்துங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே படத்தை நிறுத்தித் திரையைக் கறுப்பாக்கினார். அப்பா தோள்துண்டை எடுத்துத் தன் தலையையும் திரையையும் சேர்த்து மூடிக்கொண்டார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நானும் உள்ளே நுழைந்தேன். இருட்டில் பார்த்தால், கறுப்பாக இருக்க வேண்டிய திரையின் இரண்டு மூலைகளிலும் மஞ்சளாக வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

"பாத்தியாட்டி, மூலையில ஒழுகுது" என்று என் காதில் சொன்னார்.

துண்டை விட்டு வெளியே வந்ததும், "இப்ப நடக்க விடுங்க" என்றார். கடைக்காரருக்குப் புரியவில்லை. "நொண்டியா இல்லையான்னு நின்ன நெலையில தெரியுமா?" என்று கேட்டதும், அவர் திரையில் ஒரு கட்டத்தைப் பிடித்து இடமும் வலமுமாக வேகமாக இழுத்துக் காட்டினார். கட்டத்துக்குப் பின்னால் புகை மாதிரி ஒரு வால் இழுபட்டது. அப்பா உதட்டைப் பிதுக்கினார். பக்கத்துத் திரை, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றையும் இப்படியே நடக்கவிட்டுப் பார்த்தார். கடைசியாக ஓரத்தில் கிடந்த ஒரு சின்னத் தட்டைத் திரையில் வாலே இல்லை. கட்டம் கொடியாட்டுக் குட்டி மாதிரி துள்ளி நின்றது. அது ஒரு நொடியில் நூற்று நாற்பத்துச் சொச்சம் தடவை படத்தை மாற்றும் என்று கடைக்காரர் விளக்கினார். அப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கால் சுத்தம்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அதன் விலை இரண்டு கிடாய்க்கு மேல் ஒரு குட்டி.

சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கைக்கும் மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். எத்தனை விரல் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். விலை படிந்துவிட்டால் கையை இறுக்கிக் குலுக்குவார்கள். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. அப்பா கடைக்காரரின் கையைப் பிடித்து அதன் மேல் துண்டைப் போட்டார். பாவம், பட்டணத்து மனுஷர். பெரியவர் பாசமாகக் கை கொடுக்கிறார் போல என்று நினைத்து, "ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி" என்று இரண்டு கையாலும் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டார்.

"முடிஞ்சிட்டு" என்றார் அப்பா.

"எது முடிஞ்சிட்டு?"

"வெல."

"நீங்க வெலயே சொல்லலையே!"

"கையில சொன்னம்லா? நீங்களும் குலுக்கிட்டிய. குலுக்கின பொறவு மாத்திப் பேசினா, சந்தையில அவன்ட்ட ஒருத்தனும் ஒரு மறிக்குட்டிகூட வாங்க மாட்டான்."

கடைக்காரர் முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டார். தன் கையை விரித்து, அது என்ன சொல்லித் தொலைத்தது என்பது போலப் பார்த்தார். அப்பா இரண்டு கிடாய்ப் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அக்கா துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கடைக்காரர், "பெட்டிக்குள்ள இருக்க புதுசு அந்த வெலைக்கு வராது அண்ணாச்சி. இது காட்டுறதுக்கு வச்சிருந்தது. ஒரு மாசமா இங்கன ஓடுது, பெட்டியும் கிழிஞ்சிட்டு. இதுன்னா எடுத்துக்கிடுங்க. வாரண்டி உண்டு" என்றார்.

பழையதைத் தலையில் கட்டிவிட்டதாக அவருக்கு நினைப்பு. அப்பாவுக்கோ வாயெல்லாம் பல். "பெட்டிக்குள்ள இருக்க உருப்படிய எவன் கேட்டான்? நான் நடக்கவிட்டுப் பாத்தது இத. இதத்தான் பிடிச்சிட்டுப் போவேன்."

பஸ்ஸில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா ஆசைப்பட்ட அந்தப் பிறைத் திரையை விட்டுவிட்டு, ஓரத்தில் கிடந்த சின்னதை, அதுவும் கிழிந்த பெட்டியில் வாங்கித் தந்துவிட்டாரே! அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஏட்டி, ஊளையிடாத. எனக்கு வேண்டியதே இதான். ஒரு மாசமா வீடியோ பாத்து இதத்தான் மனசுல வச்சிருந்தேன்."

"அப்ப வளைஞ்சதக் கேட்ட?"

"யாராவது ஒண்ண நல்லாருக்குன்னு சொன்னா அப்பா அத வாங்கவே மாட்டாக. அதான் அதப் புகழ்ந்தேன். யார்ட்டயும் சொல்லிராத."

எனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தையையே விலைபேசும் அப்பாவை அக்கா விலைபேசிவிட்டாள் என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தலை சீவி, பூ வைத்து, பகல் பூராவும் சுட்டாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த அப்பாவுக்கு யார் யாரைச் சுடுகிறார்கள் என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஆனாலும், "கால் சுத்தம், கால் சுத்தம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் இடம் அவளுக்கே நின்றது. அந்த அணியோடு பிறகு மதுரை, சென்னை வரைக்கும் போய் ஆடிவிட்டு வந்தாள்.

இந்த ரகசியத்தை நான் பத்துப் பன்னிரண்டு வருஷம் நெஞ்சுக்குள் வைத்துக் கொண்டாடினேன். போன வருஷம், போனில் பணம் வாங்கிப் போட ஆள் வேண்டும் என்று அப்பா என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். ஒருவர் வந்து எங்கள் வெள்ளைக் கிடாயை வாய் ஓயாமல் புகழ்ந்தார். அப்பா அதன் விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற கறுப்புக் கிடாய்க்கு ஏற்றிச் சொன்னார். அந்த ஆள் கறுப்பைத்தான் பிடித்துக்கொண்டு போனார்.

"அவருக்குக் கறுப்பு வேணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வந்ததுல இருந்து அது பக்கம் ஒரு தடவகூடத் திரும்பலயே, தாயி."

கோவில்பட்டிக் கடையில் அக்காவும் அந்தச் சின்னத் திரைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பியிருக்கவில்லை. அந்தக் கடையில் அப்பா விலைபேசிய நேரம் பூராவும் அக்காவுக்கும் கடைக்காரருக்கும் நடுவில்தான் நின்றிருந்தார். அக்கா நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். பிறைத் திரையை அக்கா பார்க்கவிடாமல் வேண்டுமென்றே மறைக்கிறார், பாவி, என்று நான் அன்றைக்கு அவரை மனசுக்குள் வைதிருக்கிறேன். அவர் மறைத்தது அக்காவின் முகத்தை. அந்த முகத்தைக் கடைக்காரர் ஒரு தடவை பார்த்திருந்தால் குட்டி விலை குறைந்திருக்காது.

அன்றைக்குப் பஸ்ஸில் அப்பா எங்களுக்கு முன் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் அத்தனை சிரிப்பு சிரித்தும் ஊர் வந்து சேரும்வரை எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பஸ் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று நாங்கள் நினைத்தோம்.