நாவல் மரத்துக் காயம்

அப்பா திருட்டுத்தனமாகப் பழைய சாமியைக் கும்பிடுகிறார் என்று உபதேசியாரிடம் போய்ச் சொன்னது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதைச் சொல்லும்வரை மூன்று நாட்களாக எனக்குச் சோறே இறங்கவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊரில் ஐந்தே குடும்பங்கள் கிறிஸ்துவ வேதத்துக்கு வந்திருந்தன. குடுமியை அறுத்துக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழையது எதுவும் தன்னிடம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை ஊருக்குக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் அவருக்கு. ஜெபவீட்டுக்கு உத்திரம் வேண்டும் என்ற பேச்சு வந்ததும், "சாமி சோலையில நிக்கிற நாவமரத்தை நான் வெட்டிக் கொண்டாறேனுங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். ஜெபம் நடத்த வருகிற உபதேசியார் அவரைத் தட்டிக்கொடுத்தார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

சாமி சோலை என்பது ஊருக்கு மேலே, ஊற்றுத் தண்ணீர் கிளம்புகிற இடத்தில் இருந்த சின்னக் காடு. அதற்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். அடுப்பெரிக்க ஒரு காய்ந்த சுள்ளியைக்கூட அங்கிருந்து எடுத்துவரமாட்டார்கள். அங்கே பூசை செய்தவர் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பா. ஞானஸ்நானத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

மரம் வெட்டப் போன அன்று தண்ணீர்க் குடுக்கையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சோலையின் ஓரம் வந்ததும், பேசிக்கொண்டே அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அவருக்கே அது தெரியவில்லை.

"அப்பா, செருப்பைக் கழட்டிட்டீங்களே" என்றேன்.

என்னை முறைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஊற்றுக் கண்ணை வேரால் கவ்விக்கொண்டு நின்றது அந்த நாவல் மரம். அப்பா ஐந்தாறு வெட்டுப் போட்டிருப்பார். பட்டை பிளந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். கைகலப்பு ஆகப்போகிறது என்று நான் ஓடத் தயாராக நின்றேன். பெரியப்பாவோ சத்தம்கூடப் போடவில்லை.

"காடு, மலை, தண்ணி எல்லாம் எங்காண்டவர் படைச்சதுன்னு நீதான சொல்லிக்கிட்டுத் திரியற?"

"ஆமா."

"அப்படீன்னா இது எஞ்சாமி மரம் இல்ல, உங்க ஆண்டவர் மரம். அவரைக் கேட்டியா?"

அப்பா ஓங்கிய கோடாலியை ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த வாரமே எங்கள் வீட்டு வாசலில் நின்ற பலாவை வெட்டி உத்திரத்துக்குக் கொடுத்தார். சாமை தீர்ந்துபோகிற மாதங்களில் எங்கள் வயிற்றை நிரப்பிய மரம் அது. அம்மா இரண்டு நாள் அழுதாள். சோலைச் சாமிக்குப் பயந்துவிட்டார் என்று மற்ற நான்கு குடும்பங்களும் பேசிக்கொண்டன. நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் விடிகாலையில் காணாமல்போக ஆரம்பித்தார். கையில் ஒரு ஓட்டைச் சட்டி. எங்கே போகிறார் என்று அம்மாவும் கேட்கவில்லை. ஒருநாள் பின்னாலேயே போனேன். சோலை ஓரத்தில் செருப்பு கிடந்தது. உள்ளே அப்பா, சட்டியிலிருந்து எதையோ அள்ளி நாவல் மரத்தில் இரண்டு கையாலும் பூசிக்கொண்டிருந்தார். பெரியப்பா சாமிக்கல்லுக்குச் சந்தனம் பூசுவது இப்படித்தான். பூசி முடித்து, நெற்றியை மரத்தில் முட்டுக்கொடுத்து நின்றார்.

மரத்தையும் கல்லையும் கும்பிடுகிறவர்கள் எங்கே போவார்கள் என்று உபதேசியார் வாராவாரம் சொல்லியிருந்தார். அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் மோட்சத்தில் இருப்போம், அப்பா மட்டும் நெருப்பில் கிடப்பார். இந்த நினைப்பு என்னை ஒரு இடத்தில் உட்காரவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் முள்ளுக்குறிச்சியிலிருந்து ஏறிவருகிற பாதையில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஜெபம் முடிந்ததும் அவர் அப்பாவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"சோலைக்கு எதுக்குப் போறீங்க?"

"மரத்துல வெட்டுக்காயம் இருக்குதுங்க. செம்மண்ணும் சாணியும் கொழச்சு அப்பறேன். இல்லீன்னா பூச்சி ஏறிப்போயிரும்."

யாரோ சிரித்தார்கள். மரத்துக்கு வைத்தியமாம்!

"செருப்பை ஏன் கழட்டறீங்க?"

வாயைத் திறந்து அப்பா ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். குனிந்து நின்றார். அடுத்த நற்கருணைக்கு அவர் வரவேண்டாம், மறு உத்தரவு வரும்வரை கடைசியில் கதவோரம் உட்காரட்டும் என்று தீர்ப்பாயிற்று. தன் பலாமரத்து உத்திரத்துக்குக் கீழே அப்பா எழுந்துபோய்க் கதவோரத்தில் உட்கார்ந்தார். ஆத்துமா தப்பித்தது என்று எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

யார் சொன்னது என்று வீட்டில் அவர் விசாரிக்கவே இல்லை. மறுநாள் விடிகாலையில் வந்து என்னை எழுப்பினார்.

"எந்திரி கண்ணு. சாணி நீ பெசஞ்சு குடு. நான் பெசஞ்சாக் கட்டி தட்டுது."

மறுக்கத் தைரியமில்லை. பிசைந்து கொடுத்து, சட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். சோலைக்குள் அவர் என் கையைப் பிடித்து அந்த வெட்டின் ஓரத்தில் வைத்தார். புதுப்பட்டை தடித்துக் கிளம்பியிருந்தது.

"பாத்தியா? மூடிக்கிட்டு வருது" என்றார். அவ்வளவு சந்தோஷம் அவர் குரலில்.

நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். ஐந்து குடும்பங்களில், படைத்தவருக்குப் பதில் சொல்லவேண்டும் என்று நினைத்து நடந்தவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? காட்டிக்கொடுத்ததற்குத் தண்டனையாக என்னையும் தன் பாவத்தில் கூட்டுச்சேர்க்கிறார் என்று நினைத்தேன். ஈரச் சாணியை அந்தக் காயத்தில் அப்பிக்கொண்டே, "ஆண்டவரே, இதை நான் செய்யவில்லை, அப்பாதான் செய்யச் சொன்னார்" என்று அப்பாவுக்குக் கேட்காதபடி வேண்டிக்கொண்டேன்.