மூன்றில் தொடங்கிய மீட்டர்

வசந்தமலர் அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சாவகச்சேரியிலிருந்து ஆக்லாந்து வந்து, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எட்டு வருடம் துணி மடித்தார். மாலை வகுப்பில் படித்து மீட்டர் ஆய்வாளரானார். எங்கள் அலுவலகத்தில் பட்டம் வாங்காத ஆய்வாளர் அவர் ஒருவர்தான். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்று நெஞ்சை நிமிர்த்தித் திரியும் நான், சந்தேகம் வந்தால் போய் நிற்பது அவர் மேசை முன்தான்.

2011இல், புதிதாகக் கட்டும் வீடுகளில் சூரிய வெந்நீர்க் கருவி வைத்தால் உதவித்தொகை தரும் ஒரு திட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தோம். ஆட்கள் குடிவருமுன், செலவாகும் வெந்நீரை அளக்கும் வெப்ப மீட்டருக்கு நாங்கள் சீல் வைக்க வேண்டும். அதற்குள் மீட்டர் ஓடியிருந்தால், குடிவந்துவிட்டார்கள் என்று எழுதி நிராகரித்துவிடுவோம்.

ஆக்லாந்தின் ரானுயிப் பகுதியில் கோதண்டராமன், மஹதி தம்பதியின் புது வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். மீட்டர் மூன்று யூனிட் காட்டியது.

கோதண்டராமனுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை கிரகப்பிரவேசம் மேடம். அதை விட்டா ரெண்டு மாசத்துக்கு முகூர்த்தமே இல்லை. பால் காய்ச்சிட்டு பிளாக்ஹவுஸ் பே வாடகை வீட்டுக்கே திரும்பிட்டோம். இந்தப் பணத்தை நம்பித்தான் கருவியே வாங்கினோம். ரீசெட் பண்ணிடுங்களேன், யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே தம்பி," என்றார் அக்கா. "அதுசரி, பால் காய்ச்ச மூண்டு யூனிட்டோ? மாட்டையும் குளிப்பாட்டினனீங்களோ?"

மஹதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் குளிக்கலைக்கா. அம்பது பேர் சாப்பிட்டாங்க. வாழை இலை கிடைக்கலை, எல்லாம் எவர்சில்வர் தட்டு. நெய்ப்பிசுக்கு போவேனாங்குது!"

ஓர் அட்டைப்பெட்டியின் மேல் அக்கா கணக்குப் போட்டார். மூன்று யூனிட்டுக்கு ஏறத்தாழ அறுபது லிட்டர் வெந்நீர். "ஓம், தட்டுக் கழுவின தண்ணிதான். ஆனா நான் நம்பினாப் போதாது. உங்கட கரண்ட் கொம்பனிட்டக் கேட்டு, அரை மணிக்கொருக்காப் பதியுற விவரத்தை எடுத்துத் தாங்கோ."

கட்டில் இல்லை, திரைச்சீலை இல்லை, குளியலறையில் ஒரு பல்துலக்கி கூட இல்லை. எல்லா அறைகளையும் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மேலாளர் கோப்பைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். மீட்டர் ஓடியிருக்கிறது, விதி விதிதான் என்றார். கோதண்டராமன் அன்று காலையே வாங்கி அனுப்பியிருந்த மின்விவரத் தாளை அக்கா அவர் முன் விரித்தார். ஞாயிறு காலை ஐந்து மணியிலிருந்து பகல் இரண்டு வரை மின்சாரம் ஓடியிருந்தது. அதன்பின் செவ்வாய் காலை நாங்கள் போகும்வரை ஒரு விளக்குகூட எரியவில்லை.

"இரண்டு இரவு விளக்கேற்றாமல் எந்தக் குடும்பம் குடியிருக்கும்?" என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். பிறகு விதிப்புத்தகத்தைத் திறந்தார். குடிவருமுன் சீல் வைக்க வேண்டும், தொடக்க அளவைக் குறிக்க வேண்டும் என்று மட்டுமே அதில் இருந்தது. மீட்டர் பூச்சியத்தில் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அது நாங்களாகப் பழகிக்கொண்டது. நாற்பது பக்கத்தையும் படித்திருந்த நானும் அதை விதியென்றே நம்பியிருந்தேன்.

மேலாளர் அந்தப் பக்கத்தை இருமுறை படித்தார். "உன் கையெழுத்து, உன் பொறுப்பு" என்றார்.

வெள்ளிக்கிழமை ரானுயியில் அக்கா சீல் கம்பியை முறுக்கி இறுக்கினார். 'தொடக்க அளவு' என்ற கட்டத்தில் 3 என்று எழுதினார். நடந்ததை ஒளிக்காமல் நான்கு வரியில் விளக்கி, கீழே தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். மூன்றாவது வாரம் அந்த வீட்டுக்கு உதவித்தொகை வந்தது.