பல் டொக்டர் லியோன், என் புருஷன்

றக்வான டவுனில் பேக்கரிக்கு மேல்மாடியில் "டொக்டர் எஸ். லியோன் – பல் வைத்தியம்" என்று ஒரு போர்டு பன்னிரண்டு வருஷம் தொங்கியது. இப்போது அது போலீஸில் இருக்கிறது. அந்த டொக்டர் என் புருஷன். ஸ்கூல் முடிக்கிற ஓ.எல். பரீட்சையை இரண்டு தரம் கோட்டை விட்ட மனுஷன்.

பல்லைப் பற்றி அவர் கற்றதெல்லாம் இரத்தினபுரியில் ஒரு நிஜமான பல் டொக்டரிடம் மூன்று வருஷம் தட்டுக் கழுவியபோது கண்ணால் பார்த்ததுதான். ஒரு நாள் டொக்டர் பகல் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்திருக்கிறார். அவருடைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு இவர் ஒரு பொம்பிளையின் வாய்க்குள் லைட் அடித்து, "இன்னும் கொஞ்சம் தொறங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்றைக்கே வெளியே போகச் சொல்லிவிட்டார். இதையும் இவர் வெட்கமில்லாமல் பெருமையாகத்தான் சொல்வார். "என் கைராசியப் பாத்து டொக்டருக்குப் பொறாம மேர்சி." தூ! தட்டுக் கழுவுகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட அந்த மனுஷனுக்கு என்ன பைத்தியமா?

றக்வானவுக்குத் திரும்பி வந்து கடையைத் திறந்தார். முதலில் கட்டுப்பல் செய்தார், பிறகு பல் பிடுங்கினார், பிறகு பெயருக்கு முன்னால் டொக்டர் போட்டுக்கொண்டார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. தேயிலைத் தோட்டத்து சனத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் விடிகாலை பஸ், நம்பர் துண்டு, நாள் முழுக்க வரிசை, அன்றைய பேர் விழாது, நாள் சம்பளமும் போய்விடும். இவர் ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு லயத்து வீடுகளுக்கே வந்துவிடுவார். பை என்றால் அவர் தூக்குவதில்லை, நான் தூக்குவேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் கொழுந்து மலையில் டை கட்டிக்கொண்டு ஏறினார். கூடப் படித்தவன் எவனாவது "டேய் லியோன்" என்று கூப்பிட்டால் நின்று, "டொக்டர்னு சொல்லுப்பா, ஆளுங்க இருக்காங்க" என்று திருத்துவார்.

ஒரு தரம் பல் வைத்தியர்களின் சங்கமொன்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியது. உங்கள் பல் டொக்டர் மருத்துவ சபையில் பதிந்தவரா, அவருடைய பதிவு நம்பரைக் கேளுங்கள் என்று மூன்று பாஷையிலும் போட்டிருந்தது. ஏழு நாள் ஆகவில்லை, அடுத்த கிழமையே எங்கள் போர்டில் ஒரு நம்பர் ஏறியது. எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். செத்துப்போன அவருடைய அப்பாவின் ஈ.பி.எப். நம்பராம். பேராதனை யூனிவர்சிட்டியில் வருஷக்கணக்காகப் படித்துவிட்டு வாங்குகிற நம்பரை இவர் ஒரு டின் பெயின்ட்டில் வாங்கிவிட்டார்.

சுவரில் கண்ணாடி போட்டு ஒரு சேர்டிபிகேட் மாட்டியிருந்தார். மேலே சிங்க முத்திரை, கீழே சிவப்பு சீல், முழுக்கச் சிங்களம். எங்கள் சனத்துக்குச் சிங்களம் பேசுவது தண்ணிபட்ட பாடு, ஆனால் வாசிக்கத் தெரியாது. தோட்டத்து ஸ்கூலில் தமிழ் மட்டும்தானே? நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எங்கள் ஸ்கூல் மண்சரிவில் போய்விட்டது. என்னைக் கீழே சிங்கள ஸ்கூலில் சேர்த்தார்கள். அதனால் எனக்கு வாசிக்கத் தெரியும். அது வியாபாரப் பெயர் பதிந்த கடுதாசி. தொழில் என்று போட்டிருக்கும் இடத்தில் "செயற்கைப் பல் மற்றும் அழகுப் பொருள் விற்பனை" என்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் சனம் வாசலில் செருப்பைக் கழற்றியது.

என் அக்கா தெரேசம்மாவும் கழற்றினாள். மேல் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். நான் ஸ்கூலுக்குப் போன வருஷங்களில் அவள் மலைக்குப் போனதால்தான் என்னால் ஸ்கூலுக்குப் போக முடிந்தது. பல்லெல்லாம் ஆடி விழுந்த பிறகு கட்டுப்பல் வைக்க வந்தாள். கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் நின்று, "இதுல என்னடி எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்க்காமல் சொன்னேன். "இவரு பல் டொக்டர்னு கவர்மென்ட்ல எழுதிக் குடுத்திருக்காங்கக்கா."

"அப்ப பயமில்ல" என்று சொல்லி உட்கார்ந்தாள். அளவெடுக்கிற மாவை நான்தான் கலக்கிக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. போன தவக்காலத்தில் கீழ்க் கட்டுக்குப் பக்கத்தில் நாக்கோரமாக ஒரு புண் வந்தது. அக்கா வெற்றிலைக்காரி. இவர் பார்த்துவிட்டு, "கட்டு ஒரசுது" என்று ஓரத்தை அரைத்துக் கொடுத்தார். ஆறவில்லை. மறுபடியும் அரைத்தார். ஜூன் மாசம் அந்தோனியார் திருவிழா வரைக்கும் நாலு தரம் அரைத்தாகிவிட்டது. அக்கா சோற்றைக் கஞ்சியாக்கிக் குடித்தாள், புண்ணும் பெரிதானது.

அந்த நேரத்தில்தான் டொக்டர் லியோனுக்குப் பல் வலி வந்தது. கன்னம் வீங்கி, இரண்டு நாள் கிராம்பைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். சொந்தக் கடை இருந்தது, குறடு இருந்தது, ஊசி இருந்தது, கைராசியும் இருந்தது. மூன்றாம் நாள் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, முதல் பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு இரத்தினபுரி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்! ஊருக்குத்தான் உபதேசம். அங்கே தொழில் என்னவென்று கேட்டார்கள். "கடை" என்றார், மெல்லமாக.

டொக்டர் ஷாமிளா என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வலிக்கிற பல்லை அவர் முதலில் தொடவே இல்லை. நாக்கைத் தூக்கச் சொன்னார், இரண்டு கன்னத்தையும் விரித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். எதற்கு இதெல்லாம் என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன்.

"ஆறாத புண்ணு இருக்கான்னு பாக்குறாங்க" என்றார் மிஸ்ஸி. "வெத்தல போடுறவங்களுக்கு மூணு கெழமைக்கு மேல புண்ணு ஆறலைன்னா வச்சுக்கிட்டு இருக்கவே கூடாது. கேன்சராவும் இருக்கலாம்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த இவரும் என்னைப் பார்த்தார். அவர் காதிலும் விழுந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறியதும், "அக்காவ நாளைக்கே இங்க கூட்டிட்டு வரணுங்க" என்றேன்.

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னார். "இன்னொருக்கா அரைச்சுப் பாப்போம்."

"நீங்களுந்தானே கேட்டீங்க மிஸ்ஸி சொன்னத?"

"கேட்டேன். அங்க போனா இந்தக் கட்டு யாரு வச்சதுன்னு கேப்பாங்க. அப்புறம் நம்ம கதி என்னன்னு யோசிச்சியா நீ?"

இதற்கு மேல் "அவர்" போட எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் நான் அவனை ஒரு கோமாளி என்றுதான் நினைத்திருந்தேன். டை கட்டுகிறான், கட்டட்டும், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தன் வாய்க்கு நிஜமான டொக்டர் வேண்டும், என் அக்காவின் வாய்க்கு அவனுடைய அரம் போதும். கோமாளிக்கு இவ்வளவு கணக்குத் தெரியாது. அவன் பக்கத்திலிருந்து எழுந்து பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை, கூட்டிக்கொண்டு போனேன். புண்ணைப் பார்த்ததும் டொக்டர் ஷாமிளாவின் முகம் மாறியது. சதையில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு கிழமையில் ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கும் நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம்.

"புத்துநோய்தான்" என்றார் டொக்டர். "மகரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். நாக்குல பாதியும் தாடையில ஒரு பக்கமும் எடுக்க வேண்டி வரும். உயிருக்கு அவங்க செய்யக்கூடியதச் செய்வாங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா சின்னதா வெட்டி எடுத்திருக்கலாம்." பிறகு கட்டுப்பல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இத எத்தனை தரம் அரைச்சிருக்கு? யாரு வச்சது?"

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா முந்திக்கொண்டாள். "எம்பிலிப்பிட்டிய பொலயில வாங்குனதுங்க மிஸ்."

"சந்தையில வாய்க்கு அளவெடுத்தா விக்கிறாங்க? பேரச் சொல்லுங்கம்மா. அந்த ஆள்கிட்ட வச்ச மத்தவங்க வாயையும் நான் பாக்கணும்."

அக்கா என் கையைப் பிடித்து இறுக்கினாள். என் காதுக்குள், நாக்குப் புரளாமல் சொன்னாள். "சொல்லிறாதடி. படிச்ச டொக்டருக்கும் ஒருக்கா தப்பு வரும். மச்சான் பேரு கெட்டுப்போகும்."

"லியோன்" என்றேன். "றக்வான டவுன்ல, பேக்கரிக்கு மேல."

டொக்டர் எழுதினார். "மருத்துவ சபைக்கும் போலீசுக்கும் எழுதணும். ஆனா சாட்சின்னு கேட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க."

"நான் வாறேன்."

"நீங்க யாரு?"

"அந்த ஆளு பொஞ்சாதி."

பேனா நின்றது.

"டொக்டருக்குப் படிச்ச ஆளு இல்லீங்க. தட்டுக் கழுவுன ஆளு. செவுத்துல இருந்தது கடை பதிஞ்ச கடுதாசி. எனக்கு வாசிக்கத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் டொக்டர்னு எங்கக்காவுக்கு நான் வாசிச்சுக் காட்டுனேன். என் பேரையும் எழுதிக்குங்க. மேர்சி."

என் கையை இறுக்கிப் பிடித்திருந்த அக்கா விட்டுவிட்டாள்.